ரெண்டாம் கேட்டுச் சாவி

ஜூலை 22, திங்கள்

ஹாஸ்டலில் ஐந்து மணிக்கே தண்ணீர் நின்றுவிட்டது. பிடித்து வைத்த ஒரே வாளியில் குளித்து, மிச்சத்தில் இரண்டு குர்த்தாவை அலசிப் போட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன். மாடிக் கதவு திறக்கவில்லை. வாட்ச்மேன் எத்திராஜ் அண்ணா வளையத்திலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மொத்தம் பதினொன்று. சிவப்பு நூல் சுற்றிய ஒரு பித்தளைச் சாவியை மட்டும் ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டார்.

"அது எந்தக் கதவுக்கு அண்ணா?"

"அது இங்கத்தது இல்ல கண்ணு" என்றார். 

மாமியார் நான்கு நிமிடம் அழும் எபிசோட் இன்று. காது கேளாதவர்களுக்காக சீரியல்களுக்கு எழுத்து போடுவது என் வேலை. "(விசும்பல்)", "(விசும்பல் தொடர்கிறது)". எங்கள் ஆபீஸில் ஒரே ஒரு கண்டிப்பான விதி. திரையில் மூன்று நொடிக்கு மேல் எழுத்து இல்லாமல் இருக்கக் கூடாது. சத்தமே இல்லை என்றாலும் "(அமைதி)" என்று போட வேண்டும். வெற்றிடம் இருந்தால் நாம் தூங்கிவிட்டோம் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்களாம். நான்கு வருடத்தில் இது என் கையில் ஊறிவிட்டது.

பக்கத்து நாற்காலி மித்ரா ஆகஸ்ட் 17 ஹிப்ஹாப் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள், என்னைக் கேட்காமலேயே.

"எனக்கு அதெல்லாம் ஒத்துவராதுடி."

"உன் கச்சேரியெல்லாம் நான் பாத்துட்டேன் மெர்லு. மொட்டைமாடி, கோரைப்பாய், ஒரு கிடார், ஐம்பது பேர். நடுவுல ஒருத்தன் தும்மினா நாற்பத்தொன்பது பேர் முறைக்கிறாங்க. ஒரு தடவையாவது நின்னுட்டு பாட்டு கேளு."

ஜூலை 24, புதன்

டிக்கெட் வாங்கியாகிவிட்டது, பாடுவது யாரென்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று பாட்டுகளைக் கேட்டேன். பாடகர் தன்னைக் "கழிமுகம்" என்று அழைத்துக்கொள்கிறார். எண்ணூர்ப் பக்கம். ஒரு பாட்டை மட்டும் பதினாறு முறை கேட்டேன்: "ரெண்டாம் கேட்டு."

ஐஸு ரூமு, அறுவது பொம்பள, மூச்சுல ஊசி, கண்ணுல நெருப்பு
மொத கேட்டு மொதலாளி காருக்கு, ரெண்டாம் கேட்டு யாருக்கு?
பூட்டே இல்லன்னு பேப்பரு சொல்லுது
அப்போ சாவி யார் கையில?

இதற்குப் பிறகு எல்லாம் நின்றுவிடுகிறது. டிரம், பேஸ், மூச்சு எல்லாம். சரியாக நான்கு எண்ணலாம். பிறகு அடுத்த வரி. அங்கே ஒரு பெயர் இருந்திருக்கிறது, வேண்டுமென்றே எடுத்திருக்கிறார். பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல அங்கேயே போய்க்கொண்டிருக்கிறேன்.

இந்த நோட்டில் மட்டும் எழுதலாம் என்பதால் எழுதுகிறேன். "ஓரக்குறிப்பு" என்ற பக்கத்தை மூன்று வருடமாக நடத்துவது நான்தான். தனியிசைப் பாட்டுகளின் வரிகளைக் கேட்டு எழுதி, கீழே குறிப்புகள் போடுவேன். பதினோராயிரம் பேர் படிக்கிறார்கள். மித்ராவும் படிக்கிறாள். "எவனோ பெரிய படிப்பாளிடி" என்பாள். நான் தலையாட்டுவேன்.

ஜூலை 27, சனி

மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இயர்போன் ஒரு பக்கம் செத்துவிட்டது, அதனால் போனிலேயே பாட்டை வைத்தேன். எத்திராஜ் அண்ணா தண்ணீர் கேனை உருட்டிக்கொண்டு வந்தார். "சாவி யார் கையில" என்ற இடத்தில் கேனை விட்டுவிட்டார். அது படியில் இடித்து நின்றது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அத்த நிறுத்து கண்ணு."

நிறுத்தினேன். அவருக்கு எப்போதும் வரும் அந்த வறட்டு இருமல் வந்தது. இருமி முடித்து, என்னைப் பார்க்காமல், "யார் யார் கேக்குறாங்க இத்த?" என்றார்.

"நிறையப் பேர்."

தலையை ஆட்டிவிட்டுக் கேனை நிமிர்த்தினார்.  இடுப்பில் சாவி வளையம் சத்தம் போட்டது.

மாலை பழைய செய்திகளைத் தேடினேன். இரண்டு வருடம் முன்பு, எண்ணூர் தாண்டி ஒரு இறால் பதனிடும் கம்பெனி. அம்மோனியா கசிவு. மூன்று பெண்கள் இறந்தார்கள். வெளியே வர முடியாமல் கதவு பூட்டியிருந்தது என்று தப்பியவர்கள் சொன்னார்கள். பூட்டவே இல்லை, நெரிசலில் விழுந்தார்கள் என்றது கம்பெனி. கம்பெனி பக்கம் சாட்சி சொல்லிக் கையெழுத்துப் போட்ட மூன்று காவலாளிகளின் பெயர்கள் செய்தியின் கடைசிப் பத்தியில் இருந்தன. இரண்டாவது பெயர் எத்திராஜ்.

எத், தி, ராஜ், பிறகு ஒரு மூச்சு. நான்கு எண்ணும் நேரத்தில் கச்சிதமாக உட்காருகிறது.

ஜூலை 28, ஞாயிறு

எழுதிவிட்டேன். இரண்டு பத்தி மட்டும். "இந்த மௌனத்தில் இருக்க வேண்டிய பெயர் எத்திராஜ். பூட்டவே இல்லை என்று கையெழுத்துப் போட்டவர். அந்தச் சாவி இன்னும் அவரிடம் இருப்பதாக நம்பக் காரணம் இருக்கிறது." அவர் வேலை செய்யும் கட்டடத்தின் பெயரைப் போடவில்லை, அது நாகரிகமில்லை. வடபழனிப் பக்கம் என்று மட்டும் குறிப்பிட்டேன். ஆதாரமுள்ள குறிப்புக்கும் வதந்திக்கும் வித்தியாசம் இருக்க வேண்டும் அல்லவா?

மூன்று பெண்களுக்கு யாராவது இதைச் செய்ய வேண்டியிருந்தது.

காலையில் அலசிய துணி இன்னும் காயவில்லை.

ஜூலை 31, புதன்

எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணை நான் பார்ப்பதில்லை. முப்பத்தோராயிரம்.

எத்திராஜ் அண்ணா இன்று எனக்கு லிஃப்டைப் பிடித்து வைத்தார். நன்றி சொல்லிவிட்டு படியில் ஏறிப் போனேன்.

ஆகஸ்ட் 3, சனி

"ஓரக்குறிப்பு"க்கு ஒரு செய்தி வந்திருக்கிறது:

"வணக்கம். நீங்க யாருன்னு தெரியாது. அந்தப் பேரை எடுத்துடுங்க, தயவு செஞ்சு. இன்னைக்கே. ஏன்னு நேர்ல சொல்றேன். டில்லிபாபு (கழிமுகம்)."

அவதூறு வழக்குக்குப் பயப்படுகிறார் போலிருக்கிறது. மேடையில் கோபம், கீழே இறங்கினால் பயம். கலைஞர்களின் கடிதத் தொகுப்புகளில் இதை நிறையப் படித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எடுக்கவில்லை. ஹாஸ்டலில் இணையம் சரியில்லை. மதியம் முழுக்க ஐஸ்லாந்துக் குழு ஒன்றின் நேரலைக் கச்சேரி பார்த்தேன். பாடகி ஒரு பாட்டின் நடுவே இருபது நொடி நிறுத்தினாள். ஒருவர்கூட அசையவில்லை. அப்படித்தான் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எடுத்துவிட்டேன். ஒரு பயனும் இல்லை. படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். மித்ரா சாப்பாட்டு நேரத்தில் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கறுப்பு டீஷர்ட். முன்னால் "சாவி யார் கையில?", முதுகில் அந்தப் பெயர்.

"பதினேழாம் தேதி எல்லாரும் இதைப் போட்டுட்டு வர்றாங்களாம். அந்த இடம் வந்ததும் மொத்தக் கூட்டமும் கத்தப் போகுது."

"ஏன் கத்தணும்? அது மௌனம்."

"அடியே, இது ஹிப்ஹாப். மேல இருக்கறவன் விட்டா கீழ இருக்கறவன் நிரப்பணும். அதுக்குத்தான் விடுறது."

எனக்கு இது தெரியாது. நான் குறிப்பு எழுதியது படிப்பதற்கு.

"நம்ம வாட்ச்மேன் பேரும் எத்திராஜ்தானே?" என்று சிரித்தாள் மித்ரா. "பாவம், யாராச்சும் தப்பா நெனைச்சுக்கப் போறாங்க."

நானும் சிரித்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பதினொரு மணிக்கு டீ வாங்கக் கீழே போனபோது வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். தேய்த்த சட்டை. ஒருவர் கையில் சிவப்பு ஹெல்மெட். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"சிஸ்டர், எத்திராஜ் இங்கதானே டூட்டி?"

"பாங்க் வரைக்கும் போயிருக்கார். இப்ப வந்துடுவார்."

"பரவால்ல, அவசரம் இல்ல. சொந்தக்காரங்கதான். காலைல எத்தனை மணிக்கு வருவாரு?"

"ஆறு மணிக்கு."

"சைக்கிள்லயா?"

"ஆமா."

கேனிலிருந்து ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடித்தார்கள். குடித்த டம்ளர்களைக் கழுவி, அலமாரியில் கவிழ்த்து வைத்தார்கள். நல்ல பழக்கம். அவர் வரும்வரை காத்திருக்கவில்லை.

சொந்தக்காரர்கள் வந்ததை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். இன்று மூன்று எபிசோட்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

எத்திராஜ் அண்ணா வேலை முடிந்து போகாமல் எனக்காக நின்றிருந்தார். கையில் தைல டப்பா மாதிரி சிறிய தகர டப்பா. சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"நாளைக்குப் பாட்டுக்குப் போறியாமே. மித்ரா பொண்ணு சொல்லிச்சு."

"ஆமா அண்ணா."

"இத்த டில்லி கைல குடுத்துரு. அந்தப் பாடுற புள்ள. எத்திராஜ் குடுத்தான்னு சொல்லு, போதும்."

"அவரை உங்களுக்குத் தெரியுமா?"

"அவுங்க அம்மாவும் அங்கதான் வேல செஞ்சுது." இருமினார். "ஒரு வாரமா வூட்டாண்ட எவனோ சுத்தறான். என்கிட்ட இருந்தா சரிப்படாது. உன்ன மாதிரி புஸ்தகம் படிக்கிற பொண்ணு கைல குடுத்தா பத்திரமா போவும்."

வாங்கிக்கொண்டேன். உள்ளே ஏதோ உலோகம் உருண்டது. அவர் இடுப்பைப் பார்த்தேன். வளையத்தில் பத்துச் சாவிகள்.

பூட்டியவன் எதற்காகச் சாவியைப் பாடகனிடம் கொடுக்க வேண்டும்? இதை உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எபிசோட் 430ஐ எட்டு மணிக்குள் அனுப்பச் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய அச்சகக் கிடங்கு. எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்று அனுமதியாம், அதனால் நான்கு மணிக்கே கதவைத் திறந்தார்கள். கையில் காகிதப் பட்டை கட்டி உள்ளே விட்டார்கள். பையை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். டப்பாவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன். உட்கார எங்கும் இடமில்லை. என்னைப் போல நான்கைந்து பேர் சுவரோரமாக இடம் தேடி நின்றோம், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள்போல. வெளியே வட்டமாக நின்று ஒருவன் வாயாலேயே டிரம் அடிக்க, இரண்டு பேர் ஒருவரையொருவர் மாறி மாறிப் பாட்டில் திட்டிக்கொண்டார்கள். திட்டு முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு வந்து இரண்டு பேரையுமே கிழித்தாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாமலேயே இந்த ஊரில் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

உள்ளே பேஸ் ஆரம்பித்ததும் என் விலா எலும்புகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தது. மொட்டைமாடிக் கச்சேரியில் பாட்டு நம்மிடம் வர நாம் காத்திருப்போம். இங்கே அது காத்திருக்கவில்லை. கைகள் ஒரே நேரத்தில் மேலே போயின, கீழே வந்தன. மித்ரா என் கையையும் பிடித்துத் தூக்கினாள். மூன்றாவது பாட்டில் அவள் பிடிக்காமலேயே போனது. இதை எழுதுவதில் வெட்கமில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன்.

டில்லிபாபு ஒல்லி. சாதாரணக் கட்டம் போட்ட சட்டை. பேசும்போது திக்குகிறார், பாடும்போது இல்லை. கறுப்பு டீஷர்ட்கள் முன்வரிசை முழுக்க இருந்தன. அவர் அவற்றைப் பார்த்துவிட்டார். "ரெண்டாம் கேட்டு" பட்டியலில் கடைசியாக இருந்தது, பாடாமல் மேடையை விட்டு இறங்கப் பார்த்தார். கூட்டம் விடவில்லை. "சாவி! சாவி! சாவி!" என்று தரையை உதைத்தது. அமைப்பாளர் ஒருவர் மேடையோரம் வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் மைக்கைத் திரும்ப எடுத்தார்.

அந்த இடம் வந்தது. எல்லாம் நின்றது. அவர் இரண்டு கைகளையும் விரித்துத் தடுப்பதுபோல முன்னால் நீட்டி, "வேணாம், அந்தப் பேர சொல்லாதீங்க, வே..." என்றார்.

அவர்கள் அதையும் பாட்டின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள்.

ஆயிரம் பேர் ஒரு பெயரைச் சொன்னால் அது பெயராகவே இருப்பதில்லை. ஏதோ இடிந்து விழுவதுபோல இருந்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. என் உள்ளங்கையில் டப்பா அதிர்ந்தது. எல்லோரும் போனை மேடையைப் பார்த்துப் பிடித்திருந்தார்கள். வலது சுவரோரம் ஒருவர் மட்டும் கூட்டத்தைப் பார்த்துப் பிடித்திருந்தார், ஆடாமல் அசையாமல். கையிடுக்கில் சிவப்பு ஹெல்மெட்.

நான் கத்தவில்லை.

முடிந்ததும் பின்வாசலில் டில்லிபாபுவைப் பிடித்தேன். ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். எத்திராஜ் கொடுத்தார் என்றேன். டப்பாவைக் குலுக்கிப் பார்த்தவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"பூட்டுனது அவர் இல்லக்கா. பூட்டுனது சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடியற வரைக்கும் தொறக்காதன்னு சாவிய இவர் கைல குடுத்துட்டுப் போய்ட்டான். கேஸ் லீக்கானப்ப தொ... தொறந்துவிட்டது இவரு. மூக்குல துணியக்கூட கட்டாம உள்ள போய் இழுத்துப் போட்டாரு. அந்த இருமல் அதான். அம்பத்தேழு பேர் வெளிய வந்தாங்க. எங்கம்மா ஒருத்தி."

"ஆனா பூட்டில்லைன்னு கையெழுத்து..."

"ஆஸ்பத்திரில படுத்திருக்கறப்ப வாங்குனாங்க. பயம். ரெண்டு வருஷமா அது அவர அரிச்சுக்கினே இருந்துச்சு. இருபத்தொம்போதாம் தேதி கோர்ட்ல உண்மைய சொல்றேன்னு ஒத்துக்கினாரு. பூட்டு கோர்ட்ல கீது. அது அந்த கேட்டோடதே இல்லன்னு கம்பெனி சொல்லுது. இந்தச் சாவியப் போட்டா தொறக்கும். அவர் நின்னு, நான்தான் தொறந்தேன்னு சொல்லணும். அதுவரைக்கும் அவர் பேர் எங்கயும் வரக்கூடாதுன்னுதான் அந்த எடத்த காலியா வெச்சேன்." தண்ணீர் பாட்டிலை நசுக்கினார். "அந்தக் குறிப்பு எழுதுனவன் மட்டும் என் கைல கெடைக்கட்டும்."

எழுதினவன் என்றுதான் சொன்னார்.

டப்பாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "எங்கிட்ட வேணாம். மொதல்ல எங்க வூட்டத்தான் கலைப்பாங்க. வக்கீல் மேடம் வெளியூர்ல கீறாங்க, வெள்ளிக்கெழம வருவாங்க. அதுவரைக்கும் வெச்சிருங்க. உங்கள யாருக்கும் தெரியாதுல்ல?"

"தெரியாது" என்றேன்.

அவர் உடனே எத்திராஜ் அண்ணாவுக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஞாயிறு அவருக்கு விடுமுறை, மாமியார் ஊருக்குப் போயிருப்பார் என்றேன். திங்கள் காலை ஆறு மணிக்கு நானே நேரில் சொல்லிவிடுகிறேன், வேலைக்கு வராமல் எங்காவது போய்விடச் சொல்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

இன்று தொண்டை கட்டிவிட்டது. பேச்சே வரவில்லை. மித்ரா போன் செய்து சிரிக்கிறாள். கிடங்கில் புழுதி அதிகம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நாலே முக்காலுக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அதிசயமாக. இனி எப்போது வருமோ என்று குளித்துவிட்டேன். தலைக்கும்.

வடபழனி போய்ச் சேர்ந்தபோது ஆறு பத்து.

சர்வீஸ் ரோடு முனையில் கூட்டம். சைக்கிள் மின்கம்பத்தின் கீழ் மடங்கிக் கிடந்தது. ஆளை ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பால் பாக்கெட் உடையாமல் அப்படியே கிடந்தது. டீக்கடைக்காரர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெள்ள வேனு. நம்பர் பிளேட்டே இல்ல. முந்தாநாள்லேர்ந்து அந்த மரத்தடிலதான் நின்னுச்சு. கல்யாண மண்டபத்து வண்டின்னு நெனச்சேன். கரெக்டா இவரு திரும்பறாரு, வண்டி கெளம்புது."

"எத்தனை மணிக்கு?"

"ஆறு ஆவ அஞ்சு நிமிஷம்."

சாவி வளையத்தைப் போலீஸ்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டிருந்தார். தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அரசு மருத்துவமனை. தலையில் அடி, தொண்டையில் குழாய். கண் திறக்கவில்லை. பிழைத்தாலும் பேச மாதங்கள் ஆகலாம் என்கிறார்கள். வார்டுக்கு வெளியே அவர் மனைவி கன்னியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினேன்.

"நீ அந்த ஆபீஸ் பொண்ணா? புஸ்தகம் படிச்சுக்கினே படியேறும்னு சொல்வாரே."

"ஆமாங்க."

"பாட்டுக் கச்சேரில இவர் பேர கத்துனாங்களாமே. பக்கத்து வூட்டுப் பசங்க போன்ல காட்டுச்சுங்க." பிஸ்கட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். "இவரு இன்னா சினிமா ஸ்டாரா? இவர் பேர கத்தறதுக்கு இன்னா கீது?"

பஸ் வரவில்லை. நடந்தே வந்தேன்.

ஆகஸ்ட் 21, புதன்

எபிசோட் 434இல் ஆறு நொடி வெற்றிடம் விட்டுவிட்டேனாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வழக்கறிஞர் ருக்சானாவின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. டில்லிபாபு முன்பே வந்திருந்தார். டப்பாவை மேஜையில் வைத்து, வாசலுக்கு வந்த அந்த இரண்டு பேரைப் பற்றியும் அவர்கள் என்னிடம் கேட்டதையும் சொன்னேன். ருக்சானா பிளாஸ்திரியைக் கத்தரியால் வெட்டினார். சிவப்பு நூல்.

"இது வெறும் பித்தளைம்மா" என்றார். "பூட்டைத் திறக்கும், சரி. எங்கேயிருந்து வந்தது, யார் குடுத்தா? அதைச் சொல்ல வேண்டியவர் அங்க படுத்துக் கிடக்கார். அவர் கையிலேர்ந்து வாங்கினது நீங்க. அந்த ரெண்டு பேரைப் பாத்ததும் நீங்கதான். எழுதித் தருவீங்களா? முழுப் பேர், அப்பா பேர், விலாசம், வேலை செய்யற இடம். எல்லாம் இருக்கணும். ஒரு காப்பி எதிர்த்தரப்புக்குப் போகும். அது தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடணும்."

"இவங்க பேரு வெளிய தெரியாம காப்பாத்த முடியாதா மேடம்?" என்றார் டில்லிபாபு.

"பேர் இல்லாத சாட்சி சாட்சியே இல்லப்பா." பேனாவைத் திறந்தார். "இன்னொன்னு. அந்தப் பேரை முதல்ல இணையத்துல போட்டது யாருன்னு ஏதாவது ஐடியா இருக்கா? அங்கேர்ந்துதான் இது ஆரம்பிச்சிருக்கு."

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. மூன்று நொடிக்கு மேல் போனது. நிரப்பினேன்.

"நான்தான்."

ருக்சானா பேனாவை மூடினார். டில்லிபாபு என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், திக்கியது, வரவில்லை. எழுந்து வெளியே போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் கீழே வரை கேட்டது.

"அதையும் எழுதுங்க" என்றார் ருக்சானா. "ஆறு மணின்னு சொன்னதையும்."

எழுதினேன். பாதியில் டில்லிபாபு மூன்று டீயோடு திரும்பி வந்தார். ஒன்றை என் முன்னால் வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

நான்கு பக்கம் வந்தது. கச்சேரியில் நான் கத்தினேனா என்று யாரும் கேட்கவில்லை. அதனால் அது அதில் இல்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

கையெழுத்துப் போட்டேன். "நான், கன்னியாகுமரி மாவட்டம் ஜெபராஜ் மகள் செல்வ மெர்லின், வயது 27." மூன்று வருடத்தில் நான் எழுதியதற்குக் கீழே என் பெயர் வருவது இதுதான் முதல்முறை. பிற்பகல் மூன்று மணிக்குக் காப்பி எதிர்த்தரப்புக்குப் போய்விட்டதாக ருக்சானா செய்தி அனுப்பினார். அம்மா போனில் தொண்டை ஏன் இன்னும் சரியாகவில்லை என்று கேட்டாள்.

"கத்திட்டேன் அம்மா" என்றேன். "கச்சேரியில."

"உனக்கு எதுக்கு மக்கா அதெல்லாம்?"

ஆகஸ்ட் 28, புதன்

எத்திராஜ் அண்ணா இன்னும் கண் திறக்கவில்லை. அவர் இடத்துக்கு ஏஜென்சி ஒருவரை அனுப்பியிருக்கிறது. சுப்புராயன், போளூர்க்காரர். நல்ல மனுஷன், எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறார். மாலை நான் இறங்கியபோது எழுந்து நின்றார்.

"உங்க சொந்தக்காரங்க ரெண்டு பேர் வந்தாங்கம்மா. நாகர்கோவிலாம். நீங்க மேல வேலையா இருக்கீங்க, கூப்பிடட்டுமான்னேன். வேணாம்னுட்டாங்க. ரொம்ப மரியாதைப்பட்டவங்க."

"என்ன கேட்டாங்க?"

"காலைல எத்தனை மணிக்கு வருவீங்கன்னு. ஒன்பதுன்னேன். பஸ்ஸா வண்டியான்னாங்க. பஸ்ஸுதான்னேன். தப்புங்களா?"

அலமாரியைப் பார்த்தேன். இரண்டு டம்ளர்கள் கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. இன்னும் ஈரம் காயவில்லை.

"இல்லண்ணா" என்றேன். அவர் மேல் என்ன தப்பு? யாராவது மரியாதையாகக் கேட்டால் நானும் சொல்லியிருப்பேன். சொல்லியிருக்கிறேன்.

ருக்சானாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்பதுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், விடியும்போதே ஹாஸ்டல் வாசலுக்கு வந்துவிடுகிறேன், அன்றைக்குப் பிழைத்து வந்த பெண்கள் நாலைந்து பேரும் கூட வருவார்கள், டில்லியின் அம்மாவும் வருகிறார் என்றார். நாளை கோர்ட் பத்தரைக்கு. பூட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்களாம். சாவி யார் கையிலிருந்து வந்தது என்று கேட்பார்களாம்.

அலாரம் நாலே முக்காலுக்கு வைத்திருக்கிறேன். தண்ணீர் வந்தாலும் குளிக்கப் போவதில்லை.